திரைக்குப் பின்னால் விற்ற கிரிக்கெட் அட்டைகள்

மிளகைக் கையில் அள்ளி விரல்களுக்கிடையே மெல்ல உருட்டிப் பார்த்தால் போதும்; அது வெயிலில் காய்ந்ததா, அடுப்புச் சூட்டில் அவசரமாக உலர்த்தப்பட்டதா என்பதை றமீஸா சொல்லிவிடுவாள். அவளுடைய கணவர் ஜவாஹிர் யட்டவத்தப் பக்கத்துத் தோட்டங்களில் மிளகும் கராம்பும் சாதிக்காயும் வாங்குவார். லக்கலவுக்குப் போய் எள்ளு வாங்கி வருவார். எல்லாம் கொங்காவெலயில் இருந்த அவர்களுடைய வீட்டு முற்றத்தில் ஒருமுறை காய்ந்த பிறகுதான் மாத்தளைக் கடைத்தெருவிலிருந்த அவருடைய கடைக்குப் போகும். பிள்ளைகள் இல்லாத வீடு. கணவருக்கும் மனைவிக்கும் இடையே பேச்சுக்குக் குறைவில்லை. அந்தப் பேச்சில் பெரும்பகுதி மிளகைப் பற்றியதாகவே இருந்தது.

ஜவாஹிருக்கு இன்னொரு பிரியமும் இருந்தது. அது கிரிக்கெட். அதில் றமீஸாவுக்குப் பங்கில்லை. ஐந்து நாள்கள் விளையாடிய பிறகும் வெற்றி தோல்வி இல்லாமல் முடிந்துவிடக்கூடிய ஒரு விளையாட்டு உலகத்தில் இருக்கிறது என்று அவர் சொன்னபோது, தன்னைக் கேலி செய்கிறார் என்றே அவள் நெடுங்காலம் நினைத்திருந்தாள். சுவிங்கம் பொட்டலங்களோடு வரும் கிரிக்கெட் வீரர்களின் அட்டைகளை அவர் சேர்த்து வைக்கிறார் என்பது அவளுக்குத் தெரியும். அவை வீட்டுக்கு வந்ததில்லை. உருவப் படங்களை வீட்டில் வைக்கும் வழக்கம் அவர்களுக்கு இல்லாததால், அவற்றை அவர் கடையின் பின்னறையிலேயே வைத்திருந்தார்.

இலங்கை உலகக் கிண்ணத்தை வென்றதற்கு மறு ஆண்டு, ஒரு காலை நேரத்தில், தராசுக்கு முன்னால் அமர்ந்திருந்தபடியே ஜவாஹிர் இறந்துபோனார். றமீஸா இத்தா இருக்கத் தொடங்கினாள். கணவனை இழந்த பெண் நான்கு மாதங்களுக்கு மேல் வீட்டைவிட்டு வெளியே செல்லாமலும் அந்நிய ஆடவர் கண்ணில் படாமலும் இருக்க வேண்டிய காலம் அது. அவளுடைய அறை வாசலில் ஒரு நீலத் திரை தொங்கியது. பேச வேண்டியவர்கள் கூடத்தில் அமர்ந்து பேசுவார்கள். அவள் திரைக்குள்ளிருந்து பதில் சொல்வாள்.

கடையைப் பொறுப்பேற்ற அவளுடைய தம்பி ரவூப், பின்னறையை ஒழுங்குபடுத்தியபோது ஒரு பெரிய தகரப் பெட்டியைக் கண்டெடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தான். அடுத்த வீட்டு ஸுலைஹா அப்போது றமீஸாவோடு இருந்தாள். இத்தாக் காலம் முழுவதும் அவளுக்குத் துணையாக இருந்தவள் ஸுலைஹாதான். பெட்டியைத் திறந்து பார்த்ததும் அவள் மூடியைச் சட்டென்று சாத்தினாள்.

"உன் தம்பிக்குப் புத்தி எங்க போச்சு? இத்தாவில இருக்கிற பொம்புளட அறைக்குள்ள இத்தன ஆம்புளைங்களக் கொண்டாந்து வெச்சிருக்கான்."

"அது படம்தானே, ஸுலைஹா."

"படமா இருந்தா என்ன? ஒவ்வொருத்தனும் எப்படி முறைச்சுப் பாக்கிறான் பாரு."

ரவூப் கூடத்திலிருந்து சிரித்தான். "தாத்தா, சிரிக்கிற விஷயமில்ல. இதுக்கு இப்ப நல்ல விலை இருக்கு," என்றான். மாத்தளை முஸ்லிம்கள் அக்காவைத் தாத்தா என்றே அழைப்பார்கள். "கிண்ணம் ஜெயிச்சதுக்குப் பொறகு பழைய கார்ட் தேடி ஆளுங்க அலையிறாங்க. கண்டியில ஸஹாப்தீன்னு ஒருத்தர். முத்திரை, பழைய சல்லிக்காசெல்லாம் வாங்கி விக்கிறவர். அவர்கிட்ட பேசட்டுமா?"

பணத்தின் மீது அவளுக்கு அப்போது எண்ணம் இருக்கவில்லை. ஆனால் இன்னோர் எண்ணம் இருந்தது. லக்கலவில் ஜவாஹிர் எள்ளு வாங்கப் போகும் ஊரில், பஸ் நிற்கும் இடத்தருகே இடிந்துபோன கிணறு ஒன்று கிடந்தது. பஸ்ஸுக்காகக் காத்து நிற்கும் சனங்கள் குடிக்க ஒரு வாய்த் தண்ணீர் இல்லாமல் தவிப்பதை அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். அந்தக் கிணற்றைத் தூர் வாரி, சீமெந்து வளையம் இறக்கிக் கட்டிக் கொடுத்தால், அது அவருடைய பெயரில் தருமமாகச் சேரும். அவர் ஆசையோடு சேர்த்த பொருளை விற்று அந்தத் தருமத்தைச் செய்வதைவிடப் பொருத்தமான காரியம் வேறு என்ன இருக்கிறது? ஜவாஹிரின் சகோதரர்களும் கடைப் பின்னறையில் இருந்தவற்றை அவளுக்கே விட்டுக்கொடுத்திருந்தார்கள். மழை தொடங்குவதற்கு முன், கிணறு வற்றிக் கிடக்கும்போதே வேலை நடக்க வேண்டும் என்று கிணறு கட்டுபவர் சொல்லியனுப்பியிருந்தார்.

"பேசு," என்றாள்.

"ஆனா ஒண்டு இருக்கு, தாத்தா. மச்சான் ஒருநாள் எங்கிட்ட சொன்னாரு, இந்தப் பெட்டியில பாதி மகேந்திரராஜா ஐயாட அமானிதம்னு."

றமீஸா திகைத்துப்போனாள். அமானிதம் என்பது ஒருவர் நம்பி ஒப்படைத்த பொருள். அதை உரியவரிடம் சேர்க்காமல் ஒருவர் இறந்துபோனால், அந்தப் பாரம் இறந்தவரின் கழுத்தில் கிடக்கும். அதை விற்றுத் தருமம் செய்தாலோ, அந்தத் தருமம் அவருக்குப் போய்ச் சேராது.

மகேந்திரராஜா சாவகச்சேரியைச் சேர்ந்தவர். கச்சேரி எனப்படும் மாவட்ட அரசாங்க அலுவலகத்தில் காணிப் பகுதி எழுதுவினைஞராக மாத்தளைக்கு வந்தவர். ஜவாஹிரின் கடைக்கு எதிரே ஓர் அறையில் வாடகைக்கு இருந்தார். றமீஸா அவரைக் கண்டதில்லை. கணவரின் வாயிலாகக் கேள்விப்பட்டிருக்கிறாள். எண்பத்து மூன்றாம் ஆண்டு ஜூலையில், தமிழருக்கு எதிரான கலவரத்தில் கடைத்தெரு எரிந்தபோது, அவர் தம்முடைய அட்டைகளை ஜவாஹிரிடம் கொடுத்துவிட்டு ஊருக்குப் போனார். பின்னர் வேலைக்குத் திரும்பியும் அவற்றைத் தம் அறைக்கு எடுத்துச் செல்லவில்லை. தமிழர் தங்கியிருந்த அறைகளைப் பொலிஸார் அடிக்கடி சோதனையிட்ட காலம். பெயரும் இலக்கமும் அச்சிட்ட முகங்கள் நிறைந்த பெட்டியொன்றைக் காட்டி, இவர்கள் யார், இந்த இலக்கங்கள் என்ன என்று விளக்கிக்கொண்டிருக்க அவருக்குத் தெம்பில்லை. கடையிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

"அப்ப அவர்கிட்டயே கேட்டுடு," என்றாள் றமீஸா.

"எப்படிக் கேக்கிறது? அவர் இப்ப கலேவெலயில வேலை. லீவுல யாழ்ப்பாணம் போனாராம். சண்டையால பாதை பூட்டியிருக்கு. திரும்பி வரணும்னா திருகோணமலைக்குக் கப்பல் கிடைக்கணும். எப்ப வருவாரோ, அவர் வேலை செய்யிற கந்தோரிலயும் தெரியாதுன்னுட்டாங்க."

அன்று பிற்பகல் றமீஸா பெட்டியிலிருந்த அட்டைகள் எல்லாவற்றையும் பாயில் பரப்பினாள். ஒருவன் மட்டையை ஓங்கிக்கொண்டு நின்றான். ஒருவன் யாரையோ சபிப்பதுபோல் இரண்டு கைகளையும் உயர்த்தியிருந்தான். அட்டைகளின் பின்புறம் முழுவதும் எண்கள். எவை கணவருடையவை, எவை நண்பருடையவை என்று எந்த முகமும் சொல்லவில்லை. ஆனால் சிறிது நேரத்தில் ஒரு வேறுபாடு அவளுடைய கண்ணில் பட்டது. பாதி அட்டைகள் உதிரியாகக் கிடந்தன. மற்றப் பாதி அட்டைகளின் மூலையில் ஒரு துளை இருந்தது. அந்தத் துளைகளின் வழியே பச்சை நூல் கோத்து, கட்டுக்கட்டாக முடிந்து வைக்கப்பட்டிருந்தன.

அவளுக்கு மனம் இலேசாயிற்று. இதைவிடத் தெளிவாக ஒரு மனிதர் எப்படிச் சொல்லிவிட்டுப் போக முடியும்? தோட்டக்காரர்கள் விலை ஏறும்வரை தங்கள் மிளகுச் சாக்குகளைக் கடையில் விட்டுச் செல்வது வழக்கம். அப்படி விட்டுச் சென்ற சாக்கு தம்முடைய சாக்கோடு கலந்துவிடாமல் இருக்க, ஜவாஹிர் அதன் மூலையில் கோணியூசியால் குத்தி, தும்புக்கயிறு கோத்து முடிச்சிட்டு வைப்பார். கயிறு கோத்த சாக்கு பிறருடையது; கோக்காதது கடையுடையது. அவர்களுடைய பிழைப்பு முழுவதும் அந்த முடிச்சின் நம்பிக்கையில்தான் நடந்து வந்தது.

"கோத்தது எல்லாம் அந்த ஐயாட அமானிதம்," என்று றமீஸா சொன்னாள். "உதிரி எங்கட. உதிரிய மட்டும் வித்துடலாம்."

ஸுலைஹா கட்டுகளை ஒரு வெள்ளைத் துணியில் சுற்றி, அலுமாரியின் மேல்தட்டில் வைத்தாள். முகங்களைச் சுவரின் பக்கம் திருப்பியே வைத்தாள்.

ஸஹாப்தீன் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, அஸர் தொழுகைக்குப் பிறகு வந்தார். கூடத்து மேசையில் உதிரி அட்டைகளை ரவூப் அடுக்கி வைத்திருந்தான். றமீஸா திரைக்குள் நாற்காலியில் அமர்ந்திருந்தாள். ஸுலைஹா திரையின் ஓரத்தில் ஒரு கண்ணை வைத்துக்கொண்டு நின்றாள்.

"தங்கச்சி, மன வருத்தத்தோட இருக்கிற நேரம். நான் சுருக்கமாப் பாத்துட்டுப் போயிடறேன்," என்றது வெளியிலிருந்து வந்த குரல். பிறகு நீண்ட நேரம் அட்டைகள் புரளும் ஒலி மட்டுமே கேட்டது. "சுமாருதான். பெரிசா ஒண்ணுமில்ல."

"வாய் சுமாருன்னுது," என்று ஸுலைஹா காதருகே முணுமுணுத்தாள். "கை படத்த விடமாட்டேங்குது."

"இதுல லண்டன்ல அச்சடிச்சது கொஞ்சம் இருக்கு. அதை மட்டும் நான் எடுத்துக்கிறேனே, தங்கச்சி."

"பொறுக்கி எடுக்க விடமாட்டோம். எடுத்தா மொத்தமா எடுங்க. எங்க கடையில அதுதான் முறை."

வெளியே ஒரு பெருமூச்சு கேட்டது. "சரி. இது என்ன, இவன் படத்துக்குக் கீழ அவன் பேரு இருக்கு."

றமீஸாவுக்கு அச்சமாக இருந்தது. "பிழையா இருந்தா அதைக் கழிச்சுடுங்க. பிழையான பொருளுக்கு நாங்க விலை வாங்கறதில்ல."

"இல்ல இல்ல, இதுதான் விலை கூட. பிழையா அச்சடிச்சதுக்குத்தான் மதிப்பு. ஓட்டை கீட்டை போட்டது இருக்கா?"

"இருக்கு. அது விக்கிறதுக்கில்ல."

"நல்லதாப் போச்சு. ஓட்டை விழுந்தா அது குப்பைதான்."

மிளகுமணி அளவுகூட இல்லாத ஒரு துளை முழு அட்டையையும் குப்பையாக்கிவிடும் என்பதும், ஒருவன் முகத்துக்குக் கீழே இன்னொருவன் பெயரை இட்ட பெரும்பிழை அதன் விலையை உயர்த்திவிடும் என்பதும் றமீஸாவுக்கு விளங்கவில்லை. எது குற்றம், எது சிறப்பு என்றே தெரியாத ஒரு சந்தையில் தான் எதை விற்றுக்கொண்டிருக்கிறாள்?

"பொம்புளப் பிள்ளைக்குக் காது குத்தினா மதிப்பு கூடுது," என்றாள் ஸுலைஹா, இந்த முறை சற்று உரக்கவே. "இவனுகளுக்குக் குத்தினா குறையுதாம்."

விலை பேசி முடிந்தது. ரவூப் எதிர்பார்த்ததைவிட அது மிகுதியாகவே இருந்தது. அந்தப் பணம் அவ்வாரமே லக்கலவுக்குப் போயிற்று. மழைக்கு முன்பாகவே வளையங்கள் இறக்கப்பட்டன. கிணற்றில் நீர் ஊறத் தொடங்கிவிட்டதாக எள்ளு விற்கும் விவசாயி ஒருவர் கடைக்கு வந்து சொல்லிப் போனார். றமீஸா அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினாள்.

மகேந்திரராஜா வந்தது அதற்குப் பிறகுதான். கப்பல் கிடைத்து, திருகோணமலை வழியாகக் கலேவெலவுக்குத் திரும்பிய பின்னரே அவருக்கு ஜவாஹிரின் மரணம் தெரிந்திருந்தது. பனங்கட்டி நிறைத்த சிறிய ஓலைக்குட்டான் ஒன்றை மேசையில் வைத்துவிட்டு, அவர் நெடுநேரம் பேசாமல் அமர்ந்திருந்தார். அட்டைகளைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை. திரைக்குள்ளிருந்து றமீஸாதான் பேச்சைத் தொடங்கினாள்.

"ஐயா, உங்க அமானிதம் பத்திரமா இருக்கு. ரவூப், அந்தக் கட்டுகள ஐயாட கையில குடு."

துணி அவிழும் ஓசை கேட்டது. பிறகு, அவள் சற்றும் எதிர்பாராத விதமாக, அவர் சிரிக்கும் ஓசை கேட்டது. அந்தச் சிரிப்பு இடையிலேயே உடைந்தது.

"உது என்ர இல்லை, தங்கச்சி. உது ஜவாஹிர் நானாவின்ர."

"நூல் கோத்திருக்கே."

"அது நான் செய்த மூளைகெட்ட வேலை. கந்தோரில எந்தக் கடதாசியைக் கண்டாலும் மூலையில ஓட்டை போட்டு, பச்சை நூலில கோத்து வைக்கிறதுதானே எங்கட பழக்கம். ஒருநாள் நானா யட்டவத்தவுக்குப் போன நேரம், அவரிண்ட பெட்டியை ஒழுங்குபடுத்திக் குடுப்பம் எண்டு வெளிக்கிட்டன். முழுதும் ஓட்டை போட்டு முடிச்சுக் கட்டிப்போட்டன். அவர் வந்து பாத்தார். 'இது என்ன, மிளகுச் சாக்கா, குத்திக் கோக்கிறதுக்கு?' எண்டார். ஒரு கிழமை என்னோட கதைக்கேல்லை. நல்ல காலம், என்ர பெட்டியில கை வைக்கிறதுக்கு முதலே அவர் வந்திட்டார்."

றமீஸா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மற்றது எங்கை, தம்பி?" என்று மகேந்திரராஜா சாதாரணமாகக் கேட்டார்.

"வித்தாச்சு, ஐயா," என்றான் ரவூப்.

"ஓ," என்றார் அவர். சற்றுப் பொறுத்து, "நல்லது. அதை விடுங்கோ," என்றார்.

ஆனால் றமீஸாவால் விட முடியவில்லை. கிணற்றைப் பற்றி அவள் சொன்னாள். பிறருடைய பொருளில் செய்த தருமம் தன் கணவரைச் சேராது என்றும், அவருடைய கழுத்துப் பாரம் இரட்டிப்பாகிவிட்டது என்றும் சொன்னாள். கடைப் பங்கிலிருந்து பணம் தருவதாகச் சொன்னபோது, "காசு தந்தீங்களெண்டா நான் இனி இந்தப் படி ஏறமாட்டன்," என்று அவர் பதிலளித்தார்.

"அப்ப ஒரு வார்த்தை சொல்லுங்க, ஐயா. 'என்னோட பொருளை மனசாரப் பொருந்திக் குடுத்துட்டேன்'னு சொல்லுங்க. அது போதும்."

அவர் உடனே சொல்லிவிடுவார் என்றே எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவர் சொல்லவில்லை.

"அது எப்படி, தங்கச்சி? லண்டன்ல இருக்கிற என்ர தம்பி அனுப்பினது கொஞ்சம் அதுக்குள்ள இருந்தது உண்மை. ஆனா நானும் நானாவும் எத்தினை வருஷம் மாத்தி மாத்தி விளையாடினனாங்கள். அவரிண்ட என்னட்டை வந்தது, என்ர அவரிட்டப் போனது. முடிவில எது என்ர எண்டு எனக்கே தெரியாது. என்னுடையது எண்டு தெரியாததை 'என்ர, குடுத்திட்டன்' எண்டு சொன்னா அது பொய்யெல்லோ? நான் காணிக் கந்தோரில இருக்கிறவன். ஆருடைய காணி எண்டு தெரியாமல் கையெழுத்து வைக்கிறேல்லை."

"ஒரு சொல்லுத்தானே, ஐயா," என்றான் ரவூப்.

"நானாவுக்காகச் சொல்லுற சொல்லு. அதைப் பொய்யாச் சொல்லட்டே?"

அவர் போன பிறகு ஸுலைஹா, "இந்த மனுஷனுக்கும் உனக்கும் ஒரே வியாதிதான்," என்று சொல்லிவிட்டுத் தேநீர் போடப் போனாள்.

றமீஸாவின் இத்தாக் காலத்தின் எஞ்சிய நாள்கள் இந்தக் குழப்பத்திலேயே கழிந்தன. உதிரி அட்டைகள் எல்லாம் மகேந்திரராஜாவுடையவை என்றால், கிணறு அவருடைய தருமம். ஒன்றுமே அவருடையது அல்ல என்றால், அமானிதம் எங்கே போயிற்று? பாதி அவருடையது, பாதி தன் கணவருடையது என்றால், கிணற்று நீரைப் பாதியாகப் பிரிப்பது எப்படி? பள்ளிவாசல் லெப்பையிடம் ரவூபை அனுப்பிக் கேட்டாள். பொருளுக்கு உரியவர் மனமொப்பிப் பொருந்திக்கொண்டால் போதும் என்றார் அவர். உரியவர் யார் என்பதுதான் கேள்வி என்று ரவூப் சொன்னதற்கு, உரியவரையே கேளுங்கள் என்றார். கண்டிக்குச் சென்று அட்டைகளைத் திரும்ப வாங்கலாமா என்றும் யோசித்தார்கள். அவை எப்போதோ கொழும்புக்குப் போய், அங்கிருந்தும் பல கைகளுக்குப் பிரிந்துவிட்டன என்று ஸஹாப்தீன் சொல்லிவிட்டார். தொழுகை முடிந்து கையேந்தும்போது, யாருக்காக எதைக் கேட்பது என்றே அவளுக்குத் தெரியாமல் போயிற்று.

இத்தா முடிந்ததும் உறவினர் வீடுகளுக்குப் போவதுதான் வழக்கம். றமீஸா துணியில் சுற்றிய கட்டுகளைப் பையில் வைத்துக்கொண்டு, ஸுலைஹாவோடு கலேவெலவுக்குப் புறப்பட்டாள்.

தம்புள்ளையில் பஸ் மாறினார்கள். வழியில் சோதனைச் சாவடியில் எல்லாரையும் இறக்கி நடக்கவிட்டார்கள். இளம் இராணுவ வீரர் ஒருவர் பையைத் திறந்து, கட்டுகளைக் கண்டு, இவர்கள் யார் என்று சிங்களத்தில் கேட்டார். கிரிக்கெட் விளையாடுகிறவர்கள் என்றாள் றமீஸா. அதற்கு மேல் அவளுக்கும் தெரியாது. அவர் நூலைத் தளர்த்தி ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவருடைய முகம் மலர்ந்தது. ஒன்றைக் காட்டி, இதை எனக்குத் தர முடியுமா என்று கேட்டார். துப்பாக்கி வைத்திருப்பவரிடம் முடியாது என்று சொல்வது எப்படி? ஆனால் கொண்டு செல்லும் பொருளில் ஒன்று குறைந்தாலும் வந்த காரியம் கெட்டுவிடும். இவை இன்னொருவரிடம் ஒப்படைக்க வேண்டியவை, மகனே, என்னால் தர முடியாது என்று அவள் சிங்களத்திலேயே சொன்னாள். அவர் அவளை ஒரு கணம் உற்றுப் பார்த்துவிட்டு, அட்டையை மீண்டும் கோத்து, முடிச்சையும் தாமே போட்டுக் கொடுத்தார்.

"எனக்கு உயிரே போச்சு," என்றாள் ஸுலைஹா, பஸ்ஸில் ஏறிய பிறகு. "ஒரு படத்தைக் குடுத்துட்டா என்ன?"

"அது யாருடையதுன்னு தெரிஞ்சாக் குடுக்கலாம்."

பிரதேச செயலகத்தில் காணிப் பகுதியின் முன்னால் சனங்கள் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். றமீஸா மகேந்திரராஜாவைத் தேடினாள். திரைக்குள்ளிருந்து கேட்ட குரல் கனத்த குரல். ஆகவே பருத்த உடம்புடைய ஒருவரையே அவள் மனத்தில் வைத்திருந்தாள். அத்தகையவர் அங்கே யாரும் இல்லை. மூலை மேசையில் அமர்ந்திருந்த மெலிந்த, தலை வழுக்கையான சிறிய மனிதர் ஒருவர், "அடுத்த ஆள் வாங்கோ," என்றபோதுதான் அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள்.

"ஐயா, நான் ஜவாஹிர்ட வீட்டிலிருந்து வந்திருக்கேன்."

அவர் எழுந்து நின்றார். அவரும் அவளை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தார். "தங்கச்சி, இவ்வளவு தூரம் ஏன் வந்தீங்கள்? இருங்கோ."

"ஒரு வியாபாரம் பேச வந்தேன்." அவள் பையிலிருந்த கட்டுகளை மேசைமேல் வைத்தாள். "உங்க கார்டுகள நான் தெரியாம வித்துட்டேன். அதுக்கு மாத்தா இதை எடுத்துக்கங்க. எடுத்துக்கிட்டேன்னு சொன்னாக் கணக்கு முடிஞ்சுது."

மகேந்திரராஜா தலையை ஆட்டினார். "உது சரிவராது. ஓட்டைக் கார்ட்டுக்கு விலை இல்லை. பெறுமதி இல்லாததை மாத்தா எடுத்தன் எண்டு சொல்லுறதும் உங்களை ஏமாத்துற மாதிரித்தான்."

"ஓட்டை போட்டது யாரு?"

அடுத்த மேசையிலிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"கேக்கிறாள்தானே, சொல்லுங்க," என்றாள் ஸுலைஹா.

"நான்தான்," என்றார் அவர்.

"அப்ப ஓட்டைக்கு முந்தின விலைக்குத்தான் நீங்க எடுக்கணும். சாக்கைக் கிழிச்சவனே வந்து, மிளகு சிந்திப் போச்சு, விலையக் குறைங்கன்னு கேக்க ஏலாது. எங்க கடையில அப்படி ஒரு நாளும் நடந்ததில்ல."

வரிசையில் நின்ற யாரோ சிரித்தார்கள். மகேந்திரராஜா சிரிக்கவில்லை. மேசையின் விளிம்பை விரலால் தடவிக்கொண்டே யோசித்தார்.

"அதிலும் எது என்ர எண்டு எனக்கு..."

"தெரிய வேணாம், ஐயா. நான் வித்ததுல உங்கட ஏதும் இருந்திருந்தா, அதுக்கு மாத்து இது. ஒண்டுமே இல்லாட்டி, இது உங்க கூட்டாளி உங்களுக்குக் குடுத்த அன்பளிப்பு. ரெண்டுல எது நடந்திருந்தாலும் இது உங்களுக்குத்தான் வரணும். இதுல பொய் எங்க இருக்கு, சொல்லுங்க."

அவர் அந்த வாதத்தை முன்னும் பின்னும் சோதித்துப் பார்ப்பது அவருடைய முகத்தில் தெரிந்தது. இத்தனை காலம் திரைக்கு அப்பாலிருந்து வந்த மௌனங்களுக்கெல்லாம் இப்படி ஒரு முகம் இருந்திருக்கிறது என்று றமீஸா நினைத்துக்கொண்டாள்.

"சரி," என்றார் கடைசியில். "ஏற்றுக்கொண்டன். முழுமனதோட ஏற்றுக்கொண்டன். நானாவுக்கும் எனக்கும் இடையில இனிக் கொடுக்கல் வாங்கல் ஒண்டுமில்லை."

"அல்ஹம்துலில்லாஹ்," என்றாள் றமீஸா. அவளுடைய கண்கள் நிறைந்தன. ஸுலைஹா அவளுடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

மகேந்திரராஜா, பெற்றுக்கொண்ட பொருளைச் சரிபார்க்கும் பழக்கத்தாலோ என்னவோ, முதற்கட்டின் நூலை அவிழ்த்து அட்டைகளை ஒவ்வொன்றாகப் புரட்டத் தொடங்கினார். பாதியில் அவருடைய கை நின்றது. ஓர் அட்டையை வெளியே எடுத்து, பின்புறத்தைத் திருப்பி, கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். அவருடைய நெற்றி சுருங்கியது.

"தங்கச்சி," என்றார் தயங்கி. "இது பாருங்கோ, இது நானாவின்ர இல்லை. இது என்ர தம்பி லண்டனிலிருந்து..."

"ஐயா," என்று றமீஸா இடைமறித்தாள். அவள் அதற்குள் பையை மடித்துக் கையில் எடுத்திருந்தாள். "ஏத்துக்கிட்டேன்னு சொல்லிட்டீங்க. இனிமே எது யாருடையதுன்னு எனக்குச் சொல்லாதீங்க."